ஏழாவது கம்பத்தின் பச்சை விளக்கு

குணசேகரன் மேசைமேல் தள்ளிவைத்த அட்டைப்பெட்டியைத் தேவிப்ரியா தொடவில்லை. மூடி திறந்தே இருந்தது. உள்ளே அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டர் ஒன்று சோப்புக்கட்டி அளவில் கிடந்தது.

"எண்பத்துமூணு ஓம். மதுரையில சொல்லி வரவழைச்சேன்," என்றார் குணசேகரன். "ஏழாவது கம்பத்துல குழாய்க்குப் போற வயரைக் கழட்டிட்டு இதைக் கட்டிவிடு. மாட்யூல் பச்சை காட்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு. எட்டும் பச்சையா இருந்தாக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. அம்புட்டுத்தான்."

"அப்ப சிப்பிக்குடிக்குச் சத்தம் போகாதே சார்?"

"ஆய்வு முடியட்டும். பெறகு சாவகாசமா மாத்திக்கலாம்."

தேவிப்ரியா அவரிடம் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். கீரமங்கலத்தில் பூ விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமா முடித்துவிட்டு, புதுக்கோட்டையில் குணசேகரனின் ஒலிபெருக்கி நிறுவனத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவள். மணமேல்குடிக் கடற்கரையில் எட்டு மீனவக் குடியிருப்புகளுக்குப் புயல் எச்சரிக்கை சொல்லும் அமைப்பைப் போன வருடம் புரட்டாசியில் பொருத்தியபோது, எட்டுக் கம்பங்களிலும் ஏறி இறங்கியவள் அவள்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் நாலு திசைக்கு நாலு ஒலிபெருக்கிக் குழாய்கள், அடியில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் ஓர் ஆம்ப்ளிஃபயர். மணமேல்குடியில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசினால் எட்டு ஊரிலும் கேட்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒலியைக் கட்டுப்படுத்தும் டிஎஸ்பி மாட்யூல் ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை அட்டை. பேச்சு எந்த அளவுக்குப் பெரிதாகி வெளியே போகலாம் என்று முடிவு செய்வது அதுதான். குழாய் கருகிவிடாமல் சத்தத்துக்குக் கடிவாளம் போடும். ஆம்ப்ளிஃபயரின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு எட்டாத மெல்லிய ஒலி ஒன்றை ஓயாமல் குழாய்களுக்கு அனுப்பி, எவ்வளவு மின்சாரம் இழுக்கப்படுகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். நாலு குழாயும் நன்றாக இருந்தால் மின்தடை எண்பத்துமூன்று ஓம் என்று வரும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அந்தக் கம்பத்துக்குப் பச்சை விளக்கு எரியும்.

ஏழாவது கம்பம் முந்நூற்று முப்பத்துமூன்று காட்டிக்கொண்டிருந்தது. நாலில் மூன்று குழாய் செத்துவிட்டது என்று அர்த்தம்.

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன் சார்," என்று எழுந்தாள். பெட்டியை எடுக்கவில்லை.

ஏழாவது கம்பம் நிற்கிற சிப்பிக்குடி, கடைசிக்கு முந்தின ஊர். அறுபது வீடுகள் இருக்கும். மறுநாள் காலையில் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறி, கிழக்குப் பார்த்த குழாயின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த சுருள் கம்பி பச்சைப் பூசணம் பிடித்த மாதிரி அரித்துப்போய், விரல் பட்டதும் உதிர்ந்தது. உப்புக் காற்றுக்குத் தாங்குகிற வகையைத்தான் பொருத்தியதாகக் காகிதத்தில் இருந்தது. இது தாங்காத வகை. பெயர் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினால் அடியில் வேறொரு பெயர். வடக்கிலும் தெற்கிலும் அதே கதை. மேற்கே, ஊருக்கு முதுகைக் காட்டி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குழாய் மட்டும் உயிரோடு இருந்தது.

இறங்கி வரும்போது கம்பத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் கருவாடு புரட்டுகிற குச்சி.

"ஏத்தா, இந்தக் கொழா பேசுமா பேசாதா? அதைச் சொல்லிட்டுப் போ."

"மூணு போயிருச்சுக்கா. மாத்தணும்."

"எப்பப் போச்சு?"

"தெரியலக்கா. பாக்கணும்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் மீனம்மாள். குரலில் கண்ணீர் எதுவும் இல்லை; சண்டைக்கு நிற்கிற குரல். "போன கார்த்திகை மாசம் காத்து வந்துச்சுல்ல, அன்னைக்கே இது பேசல. வடக்க அடுத்த ஊருல பதினோரு மணிக்குச் சொல்லிருக்காக, எவனும் கடலுக்குப் போகல. எங்க ஊரு வள்ளம் மூணு பன்னண்டு மணிக்கு நண்டு வலைக்குப் போச்சு. ரெண்டு திரும்புச்சு. எந்தம்பி மலையாண்டி வரல."

"போன்ல மெசேஜ் எதுவும் வரலையாக்கா?" என்று தேவிப்ரியா கேட்டுவிட்டாள். கேட்டவுடனே ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"போன்ல மாவட்டம் பூராத்துக்கும் வருது. வாரத்துக்கு ரெண்டு வருது. கொழா வச்சப்ப என்ன சொன்னீக? ஒங்க ஊருக்குன்னு இது பேசும், இது பேசுனா மட்டும் நம்புங்கன்னு சொன்னீகளா இல்லையா? நம்புனோம். இது பேசல. நாங்க போனோம்."

அப்படிச் சொன்னது தேவிப்ரியாதான். ஊர்க்காரர்களைக் கம்பத்தடியில் கூட்டி வைத்து, போன வருடம், அவள் வாயால் சொன்ன வார்த்தைகள்தான் அவை.

நேராக மணமேல்குடிக் கட்டுப்பாட்டு அறைக்கு வண்டியை விட்டாள். மாட்யூல்கள் தாங்கள் பார்த்ததையெல்லாம் நாள், மணி, நிமிடத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவை இதுவரை யாரும் கேட்டதில்லை. கார்த்திகை மாதத்துக்குப் போய், புயல் வந்த தேதியைத் திறந்தாள்.

காலை ஆறு பத்து. ஏழாவது கம்பம். குழாய்த் தொடர்பில் கோளாறு.

காலை ஒன்பது முப்பத்திரண்டு. கோளாறு பார்க்கப்பட்டது. பார்த்தவர்: தேவிப்ரியா.

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது அந்தக் காலை ஞாபகத்துக்கு வந்தது. முந்தின இரவு முழுக்கக் கரண்ட் வந்து வந்து போயிருந்தது. புதுக்கோட்டை அலுவலகத்துக் கணினியில் நாற்பத்தோரு கோளாறு அறிவிப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் கரண்ட்டால்தான் என்று நினைத்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, 'பார்த்தாயிற்று' என்ற பொத்தானை ஒரே தட்டாகத் தட்டியிருந்தாள். அதைத் தட்டிவிட்டால் அந்த அறிவிப்பு மறுபடி எழாது. ஒரே ஒரு தட்டு. பிறகு டீ குடிக்கப் போனாள்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பதிவு முழுவதையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டாள். இன்னொரு பிரதியைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் குணசேகரனிடம் சொன்னபோது அவர் அதிர்ந்துபோகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"பதிவுல யார் பேரு இருக்கு?"

"எம்பேருதான் சார்."

"அப்பறம்? என்னைய மாட்டிவிடணும்னு நெனச்சு நீயே போய் மாட்டிக்கப் போறியா? தேவி, நல்லாக் கேளு. குழாய் மட்டமா நல்லதான்னு ஆயிரம் பேசலாம். கோர்ட்டுல பத்து வருஷம் இழுக்கும். ஆனா கோளாறுன்னு மிஷின் சொல்லுச்சு, ஒருத்தி பாத்தேன்னு அமுக்குனா. இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு? மொத ஆளா நீதான் நிப்ப."

"ஆமா சார்."

"என்ன ஆமா?"

"நான்தான் நிப்பேன். ஆனா நான் நிக்கிற எடத்துல நீங்களும் நிப்பீங்க. குழாய்ல ஸ்டிக்கரை மாத்தி ஒட்டுனது நான் இல்ல."

குணசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அட்டைப்பெட்டியை எடுத்து, பக்கத்து அறையில் இருந்த கோபிநாத்தைக் கூப்பிட்டார். அவனும் டெக்னீஷியன்தான், அவளுக்கு இரண்டு வருடம் ஜூனியர். தேவிப்ரியாவிடம் இருந்த கம்பத்துப் பெட்டிச் சாவிகளையும் வாங்கி அவனிடம் கொடுத்தார்.

"இவ ஒண்ணும் செய்ய வேணாம். வெள்ளிக்கிழமை வந்து பொறுப்பாளர்ங்கிற எடத்துல கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்," என்றார். "ரெண்டு நாளு இருக்கு. வீட்டுல ஒக்காந்து நல்லா யோசி."

அவள் யோசித்தாள். அப்பாவோடு மல்லிகைக் கொல்லையில் பூப் பறித்துக்கொண்டே யோசித்தாள். வேலை போகும், அது நிச்சயம். போலீஸ் வரைக்கும் போகலாம். ஆனால் அந்த ரெசிஸ்டரை நினைத்தால் பயம் போய் ஆத்திரம் வந்தது. மாட்யூல் ஒரு வருடமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்காமல் விட்டது மனிதர்கள். இப்போது அதன் வாயிலும் பொய்யைத் திணிக்கப் போகிறார்கள். மேற்கே பார்த்த அந்த ஒற்றைக் குழாயும் இனி பேசாது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் எட்டு விளக்கும் பச்சையாக இருந்தன. ஏழாவது கம்பத்துக்கு எதிரே எண்பத்துமூன்று. மேற்பார்வை அதிகாரி ஐம்பது வயதுக்காரர், மதியத்துக்குள் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டியவர். திரையைப் பார்த்தார், தலையாட்டினார். குணசேகரன் சான்றிதழை நீட்டினார். அதிகாரி பேனாவைத் தேவிப்ரியாவிடம் கொடுத்தார்.

"பொறுப்பாளர் முதல்ல போடுங்கம்மா."

"நான் போட மாட்டேன் சார்," என்றாள்.

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குணசேகரன் சிரித்தார். "ஏதோ சம்பளப் பிரச்சினை சார், நாங்க பேசிக்கிறோம்…"

"சம்பளம் இல்ல சார். ஏழாவது பச்சை பொய்ப் பச்சை. அஞ்சு நிமிஷம் குடுங்க, இங்க உக்காந்தே காட்டுறேன்."

அதிகாரி மணியைப் பார்த்தார். பிறகு, "காட்டுங்க," என்றார்.

அவள் கணினிமுன் உட்கார்ந்தாள். "சார், மாட்யூல் இப்ப ஒரே ஒரு ஸ்வரத்தை அனுப்பித்தான் அளக்குது. அதனாலதான் அதை ஏமாத்த முடியுது. அடிக்குரல்லருந்து உச்சக்குரல் வரைக்கும் நான் ஒரு சத்தத்தை ஏத்தப் போறேன். ஒவ்வொரு படியிலயும் குழாய் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு கோடா வரையும். உயிரோட இருக்குற குழாய்க்குள்ள ஒரு தகடு அதிரும். சில ஸ்வரத்துக்கு அது நல்லா ஆடும், சிலதுக்கு ஆடாது. அதனால கோடு மேடும் பள்ளமுமா வரும். முதல் கம்பத்தைப் பாருங்க."

பொத்தானைத் தட்டினாள். திரையில் ஒரு கோடு எழுந்து, வளைந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. இரண்டாவது கம்பம், மூன்றாவது கம்பம். எல்லாம் மலைத்தொடர் மாதிரி இருந்தன. நாலாவது முடிவதற்குள் அறையில் இருந்த தொலைபேசி அடித்தது. முதல் ஊரிலிருந்து ஒருவர், குழாயில் ஏதோ விசில் சத்தம் வருகிறதே, என்ன விஷயம் என்று கேட்டார். அடுத்து மூன்றாவது ஊரிலிருந்து ஒரு ஆள். ஆய்வு நடக்கிறது என்று சொல்லி வைத்தார்கள்.

ஏழாவதைத் தட்டினாள். கோடு இடது ஓரத்தில் தொடங்கி, வலது ஓரம் வரைக்கும், ஸ்கேல் வைத்து இழுத்தது போல் நேராகப் போய் நின்றது.

இந்த முறை தொலைபேசி அடிக்கவில்லை.

"இப்படி ஒரு குழாய் உலகத்துலயே கிடையாது சார்," என்றாள் தேவிப்ரியா. "அங்க குழாயே இல்ல. வேற ஏதோ கட்டி வச்சிருக்கு."

"கேபிள்ல ஈரம் எறங்கியிருக்கும் சார், மழை நேரம்…" என்று தொடங்கினார் குணசேகரன்.

"ஈரம்னா கோடு இப்படி நிக்காது. ஒன்பது கிலோமீட்டர்தான் சார், ஜீப்புல போனா இருபது நிமிஷம். போய்ப் பெட்டியைத் திறந்து பாத்துட்டு, நான் சொன்னது தப்புன்னா அங்கயே என் கையெழுத்தை வாங்கிக்கங்க."

அதிகாரி டிரைவரைக் கூப்பிட்டார். கிளம்புவதற்கு முன் அறைப் பணியாளரிடம் சொல்லி, வழக்கமான சோதனை அறிவிப்பை எட்டுக் கம்பங்களிலும் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னார். அந்த யோசனை அவருடையதுதான்.

வழியில் ஐந்தாவது ஊரையும் ஆறாவது ஊரையும் தாண்டும்போது அறிவிப்பு ஜீப்புக்குள் வரைக்கும் கணீரென்று கேட்டது. சிப்பிக்குடிக்குள் நுழைந்தபோது அலைச்சத்தம் மட்டும்தான். கம்பத்தடியில் கூட்டம் கூடியது. கருவாட்டுக் களத்திலிருந்து மீனம்மாளும் வந்தாள்.

குணசேகரனோடு கூட வந்திருந்த கோபிநாத் பெட்டியைத் திறந்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், குழாய்களுக்குப் போகிற வயர் வெட்டித் தொங்க, அது இருக்க வேண்டிய இடத்தில் அலுமினிய ரெசிஸ்டர் முறுக்கப்பட்டிருந்தது. அதிகாரி கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார், சுடும்," என்றாள் தேவிப்ரியா. "நம்ம அறிவிப்பு பூராவும் இதுக்குள்ளதான் போய்க்கிட்டு இருக்கு. சத்தமா வர வேண்டியது சூடா வருது."

கூட்டத்தில் ஒருவர் அதிகாரியைத் தள்ளிக்கொண்டு குணசேகரன்மேல் பாய்ந்தார். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். கூச்சல் அடங்குவதற்கு நேரமாயிற்று. அதுவரைக்கும் காத்திருந்து, தேவிப்ரியா பென்டிரைவை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தாள்.

"இதுல ஒரு வருஷப் பதிவு இருக்கு. குழாய் போனது போன கார்த்திகையில. புயலன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே மாட்யூல் சொல்லியிருக்கு. ஒன்பதரை மணிக்கு நான் பாத்தேன்னு அமுக்கியிருக்கேன். பாக்கல. பாக்காமயே அமுக்குனேன். அதையும் எழுதிக்கங்க."

சொல்லிவிட்டு அவள் மீனம்மாளைப் பார்த்தாள். கண்ணை எடுக்கக்கூடாது என்று கட்டாயப்படுத்திக்கொண்டு பார்த்தாள்.

மீனம்மாள் பக்கத்தில் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நீயா?" என்றாள்.

"ஆமாக்கா."

"மன்னிக்கிறது, மன்னிக்காதது எல்லாம் பெறகு. எந்தம்பி பொண்டாட்டி இருக்கா, அவகிட்ட நீயே வந்து சொல்லணும். மொதல்ல இந்தக் கொழாயப் பேச வையி."

அன்று மாலையே தேவிப்ரியா மலையாண்டியின் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சான்றிதழில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. குணசேகரனின் ஒப்பந்தம் ரத்தாகி, அவர்மேல் வழக்குப் பதிவானது. பதினோரு நாளில் எட்டுக் கம்பங்களிலும் உப்புக் காற்றுக்குத் தாங்குகிற குழாய்கள் ஏறின. பராமரிப்பு வேலை திருச்சி நிறுவனம் ஒன்றுக்குப் போனது. தேவிப்ரியாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள், ஒரு வரியிலும் சாக்குச் சொல்லவில்லை. திருச்சி நிறுவனத்தில் வேலை கேட்டபோது, அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கிறதே என்று மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். ஆலங்குடியில் ஒரு கடையின் முன்பாதியை வாடகைக்குப் பிடித்து ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் போட்டாள்.

ஆனால் அதோடு அவள் விடவில்லை. கோளாறு அறிவிப்பு எங்கோ ஓர் அலுவலகத்துக்கு மட்டும் போவதுதான் பிழை என்று அவளுக்குப் பட்டது. அதைத் தட்டிவிடுகிறவளுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு அது தெரிவதே இல்லை. அந்த மாட்யூலால் இருபது கைபேசி எண்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடியும். காந்தி ஜெயந்தி கிராமசபைக் கூட்டத்துக்கு மீனம்மாளோடும் சிப்பிக்குடிப் பெண்களோடும் போய், ஒவ்வொரு கம்பத்தின் கோளாறும் அந்தந்த ஊர்க்காரர்கள் கைபேசிக்கு முதலில் வர வேண்டும் என்று தீர்மானம் கேட்டாள்.

திருச்சிக்காரர்கள் சார்பில் வந்தவர் எழுந்தார். "இது டெக்னிக்கல் விஷயம்ங்க. பொதுமக்களுக்குப் போனாத் தேவையில்லாத பீதி வரும்."

"போன வருஷம் பீதி வந்திருந்தா எந்தம்பி இருந்திருப்பான்," என்றாள் மீனம்மாள்.

மேற்பார்வை அதிகாரி தயங்கினார். "விதியில இதுக்கு இடம் இல்லையேம்மா."

"கூடாதுன்னு எந்த விதியில இருக்குன்னு காட்டுங்க சார்," என்றாள் தேவிப்ரியா.

அப்படி ஒரு விதி இல்லை. தீர்மானம் நிறைவேறியது. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் வரும் முப்பத்தாறு வகை அறிவிப்புகளையும் அவள் கடையில் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தாள். சிப்பிக்குடியில் பதினாறு பெண்கள் எண் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மீனம்மாள் கடைக்குப் போன் அடித்தாள்.

"ஏத்தா, பெட்டிக்குள்ள எழுபத்தெட்டு டிகிரி சூடுன்னு வந்திருக்கு. என்னா அது?"

"ஃபேன் நின்னுருக்கும்க்கா. இன்னும் ஏறுனா மாட்யூல் தானாச் சத்தத்தைக் கொறைச்சுரும். கம்பெனிக்குச் சொல்லணும். நான் பேசவா?"

"எதுக்கு? நம்பரு எங்கிட்ட இருக்கு. கெழக்க கருத்துக்கிட்டு நிக்குது, இன்னைக்கே வரச் சொல்லுறேன்." போனை வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குத் திருச்சி நிறுவனத்தின் டெக்னீஷியனிடமிருந்து தேவிப்ரியாவுக்கு அழைப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"மேடம், யாருங்க அந்த மீனம்மாள்? நாளைக்கு வர்றோம்னு சொன்னதுக்கு ரெண்டு மணி நேரத்துல முப்பது தடவை போன் பண்ணியிருக்காங்க. ஒரு ஆள் வச்சா ஒரு ஆள், ஊரே பண்ணுது. இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"சிப்பிக்குடியிலதான். ஃபேனை மாத்திக்கிட்டு இருக்கேன்."

"மாத்தி முடிச்சுட்டு அவங்ககிட்டச் சொல்லிட்டுக் கிளம்புங்க," என்று சொல்லிவிட்டு, மேசையில் திறந்து கிடந்த ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினாள்.